குலுக்கல் நாயகன்

“சின்ன மாப்பிள்ளை கை வெச்சா எதுவும் துலங்கும்!”

மாமனார் கடையே அதிரும்படி சொன்னார். திரையில் பெயர்கள் கடகடவென்று ஓடி, ஒன்றில் வந்து நின்றன. அவருடைய ஃபிரிட்ஜ், டிவி கடையின் ஆண்டு விழாவில் மூன்று வாடிக்கையாளர்களுக்குப் பரிசு தரப்போகும் குலுக்கல் அது. டவுன்லோட் எதுவும் வேண்டாம். பிரவுசரில் திறந்து பட்டனை அழுத்தினால் போதும்.

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அவர். சின்னவனோ மாமனார் கடையில் பில் போடுகிறவன். வீடியோ பார்த்துக் கோட் எழுதப் பழகியவன். “அண்ணே, இது ஏன் ஓட மாட்டேங்குது?” என்று அவன் வந்து வந்து நிற்க, முக்கால்வாசியை எழுதிக் கொடுத்தது இவர்தான். பேர் மட்டும் அவனுக்கு!

“அப்பாகிட்ட நீங்களே சொல்லிட வேண்டியதுதானே?” என்றாள் மனைவி.

“நான் போய்த் தண்டோரா போடணுமா? அவனுக்கு வாய் இல்லையா?”

வாய் இருந்தது. அதை மாமனாரின் காதோடு மட்டும் வைத்துக்கொண்டான். எப்போது பார்த்தாலும் இரண்டு பேரும் குசுகுசுவென்று ஏதோ பேசுவார்கள். பெரியவர் உள்ளே நுழைந்தால் கப்சிப்.

‘நல்லா காக்கா பிடிக்கிறான்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

விழா அன்று காலையில் சின்னவன் போன் செய்தான். “அண்ணே, இதை சர்வர்ல ஏத்த எனக்குத் தெரியலை. நீங்களே ஏத்திடுறீங்களா?”

“அனுப்பு.”

ஏற்றினார். ஏற்றும் முன் ஒரே ஒரு வரியை மாற்றினார். இனி எத்தனை முறை அழுத்தினாலும் பெயர்கள் ஓடும். நிற்பது மட்டும் முதலில் பதிந்த ஆளின் பெயரில்தான். மூன்று பரிசும் ஒருவருக்கே! கூட்டம் ‘பித்தலாட்டம்’ என்று கூச்சல் போடும். சின்னவன் முகத்தில் ஈயாடாது. நினைக்க நினைக்க நெஞ்சு குளிர்ந்தது.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க வசதியாக முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்தார்.

மாமனார் மைக்கைப் பிடித்தார். “இந்தக் குலுக்கலைச் சின்ன மாப்பிள்ளை செஞ்சார்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அவர்தான் விடாம என் காதைக் கடிச்சார். ‘மாமா, எல்லாம் அண்ணன் செஞ்சது. சும்மா சொன்னா வேண்டாம்னுடுவார். விழாவுல எல்லார் முன்னாடியும் சொல்லணும், அதுவரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது’ன்னு ஒரே பிடிவாதம். பெரிய மாப்பிள்ளை, மேடைக்கு வாங்க!”

கைதட்டல் காதைப் பிளந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை எழுப்பிவிட்டாள். எப்படிப் படியேறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சின்னவன் முகமெல்லாம் சிரிப்பாக லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

“அழுத்துங்கண்ணே. மூணு பரிசும் உங்க கையாலதான்!”