மூன்றாம் மாடிச் சுத்தியல்

"ஏங்க, நான் தூங்கறதா வேண்டாமா?"

கதவைத் திறந்த ரைலி கையில் சுத்தியலோடு நின்றாள். எதிரே கீழ் வீட்டு யால்மரி, கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக.

பின்லாந்தின் தம்பெரே நகரில் ராத்திரி டிராம் ஓட்டுகிறவன் அவன். பகலில் தூங்கினால்தான் உண்டு. மூன்று நாளாக அதற்கும் வேட்டு. 'சுத்தியல் அடிப்பவர் கவனிக்கவும்' என்று லிஃப்டில் சீட்டு ஒட்டிப் பார்த்தான். இந்த ஊரில் சண்டை போடுவதற்கு அதுதான் மரியாதையான வழி. பலிக்கவில்லை. இன்றைக்கோ மே தினத்துக்கு முந்தைய ராத்திரி, ஊரே குடித்துக் கொண்டாடும், டிராமில் கூட்டம் அம்மும். ஓட்டும்போது கண் அசந்தால் வேலை போய்விடும்.

"மன்னிச்சுக்குங்க. வோட்காவுல போட, கறுப்பு உப்பு மிட்டாயை நுணுக்கறேன்."

"மூணு நாளாவா? ஊருக்கே ஊத்தப் போறீங்களா?"

"கல்லு மாதிரி இருக்குங்க."

யால்மரி தலையில் அடித்துக்கொண்டான். "அதை எதுக்கு இடிக்கணும்? வோட்காவைக் கொஞ்சம் குறைச்சிட்டு, மிட்டாயைப் பாட்டிலுக்குள்ள போடுங்க. மூடியை இறுக்கி, பாத்திரம் கழுவுற மெஷின்ல வெச்சு ஓட விடுங்க. அந்தச் சூட்டுல தானா கரைஞ்சிடும். பின்லாந்துல பொறந்துட்டு இதுகூடவா தெரியாது?"

"அப்படியா! தெரியாதே," என்றாள் ரைலி. "ஆனா என் மெஷின் ரிப்பேர்."

அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆறு வருடமாக, படிக்கட்டில் இவளைப் பார்த்தால் 'மோய்' என்று ஒற்றை வார்த்தையில் வணக்கம் வைத்துவிட்டு நழுவுகிறவன் அவன். இப்போது வாய் தானாகச் சொன்னது:

"பாட்டிலை எடுத்துக்கிட்டுக் கீழ வாங்க. என் மெஷின்ல போட்டுத் தொலைக்கலாம்."

"கரைய ஒரு மணி நேரம் ஆகுமே?"

"காபி போடறேன், உட்காருங்க. சுத்தியல் மட்டும் இங்கயே இருக்கட்டும்!"

"இதோ, செருப்பை மாட்டிட்டு வரேன்."

அவன் இறங்கிப் போனதும் ரைலி சமையலறைக்கு ஓடினாள். ஒரு துண்டு மிட்டாய்கூட இல்லாத வெறும் பலகைமேல் சுத்தியலை வைத்தாள். புது வோட்காவையும் பிரிக்காத மிட்டாய்ப் பையையும் எடுத்துக்கொண்டு, ரிப்பேரே ஆகாத தன் மெஷினின் கதவை மெல்லச் சாத்தினாள். உள்ளே மூன்று பாட்டில்கள், முந்தாநாளே கரைந்து, கன்னங்கரேலென்று இருந்தன.