அரத்திடம் கழுத்தை நீட்டிய கிட்டார்

கடைச் சுவரில் தொங்கிய எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கழுத்து அகலம். எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் "விரல் எட்டலை" என்று திருப்பி மாட்டிவிட்டுப் போனார்கள். இந்த வாரமும் விற்காவிட்டால் பிரித்து உதிரி பாகமாக்கிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

பயந்துபோன கிட்டார், மேசைமேல் கிடந்த அரத்தைக் கூப்பிட்டது. "அண்ணே, என் கழுத்தை ரெண்டு பக்கமும் ராவி விடுங்க."

"யார் கைக்கு?" என்றது அரம்.

"யார் கையா இருந்தா என்ன? வாங்கினா சரி."

"வலிக்கும்டா."

"தொங்குறது மட்டும் இனிக்குதா?"

அரம் ராவியது. ஓரக் கம்பிகள் விளிம்புக்கே வந்துவிட்டன.

மறுநாள் தடித்த விரல்காரர் ஒருவர் வந்தார். மடியில் வைத்து வெறும் கம்பிகளைத் தட்டிப் பார்த்து, "சத்தம் அருமை" என்றார். கிட்டாருக்கு உயிர் வந்தது. பிறகு கழுத்தைப் பிடித்தார். ஓரக் கம்பியை அழுத்தினால் அது விளிம்பைத் தாண்டி வழுக்கியது.

"போன வாரம் அகலமா ஒண்ணு தொங்குச்சே, வித்துப்போச்சா? அதுக்காகத்தான் வந்தேன்" என்று எழுந்துவிட்டார்.

"அண்ணே, பழையபடி ஆக்கிடுங்க" என்று கதறியது கிட்டார்.

"எனக்கு எடுக்கத்தான்டா தெரியும்" என்றது அரம்.

முதலாளி திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார்.