செய்தி எட்டாத கணினி

மதிவதனி தன் நாவலைக் கைப்பேசி, வீட்டு மடிக்கணினி, மாலை வகுப்புக் கணினி என மூன்றிலும் வைத்திருந்தாள். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டிலும் தானாக ஏறிவிடும். ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும் என்று நம்பியிருந்தாள்.

"காதுகுத்து போட்டோவுக்கு எடமில்லைன்னு நேத்து உன் நாவல போன்ல மட்டுந்தான் அழிச்சேன், மதி," என்றான் கணவன் சேந்தன். "குப்பைத் தொட்டியையும் சுத்தமா காலி பண்ணிட்டேன்."

"ஒண்ணுல அழிச்சா எல்லாத்துலயும் அழிஞ்சிடுங்க!"

"அப்புறம் எதுக்கு மூணு எடத்துல வச்ச?"

அவள் மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். அதிலும் இரண்டு வருட எழுத்து காணாமல் போயிருந்தது.

வகுப்புக் கணினியை வெள்ளிக்கிழமை அவள்தான் அணைத்தாள். சனி, ஞாயிறு வகுப்பு இல்லாததால் அதற்குப் பிறகு அது இணையத்தைத் தொடவில்லை. சாவுச் செய்தி போய்ச் சேராத வீடு போல, அங்கே மட்டும் நாவல் உயிரோடு இருக்கும். மற்றவர்கள் வருமுன் வகுப்புக்கு ஓடினாள். சுவரிலிருந்து இணைய வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் கணினியைப் போட்டாள்.

இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். மற்ற இரண்டோடும் இணையாத வேறு இடத்துக்கு நகலெடுக்கப் போனாள். பழைய கணினி, அம்புக்குறி அசையாமல் நின்றது. சரியாக அழுத்தினோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"யாரும்மா வயரப் புடுங்குனது? வருகைப்பதிவு அனுப்பணும்," என்று வந்தார் ஆசிரியர் ராஜாமணி.

"ஒரு நிமிஷம் சார்."

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. குடும்மா."

அவர் வயரைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. அம்புக்குறி மெல்ல அசைந்தது.