நாலாம் நம்பர் கார்

நாலாம் நம்பர் காரின் புள்ளி கடலடிச் சுரங்கத்துக்குள் நுழைந்து மறைந்தது. சற்று நேரம் கழித்து எதிர்த் தீவில் முளைத்தது.

ரன்வா கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிரேக் சரியில்லை என்று அவள் தம்பி ஹோக்னி போன வாரம்தான் அந்தக் காரைக் கொட்டகைக்குள் தள்ளி வைத்தான்.

அக்காவும் தம்பியுமாக ஏழு கார்களை வாடகைக்கு விடுகிறார்கள். பரோயே தீவுகளில் யாரும் சாவியை ஒளித்து வைப்பதில்லை. விமான நிலைய வாசலில் காரை நிறுத்தி, சாவியை உள்ளேயே போட்டுவிட்டு வந்துவிடலாம். எடுத்தவனும் அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறுவான். திருடினால்தான் எங்கே கொண்டு போவான், கடலுக்குள்ளேயா என்று சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு வருஷமாக நாலாம் நம்பரில் மட்டும் கிலோமீட்டர் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு பெட்டி வாங்கலாம் என்றாள் ரன்வா. தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டால் கார் எங்கே நிற்கிறது என்று கைபேசியில் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே இஞ்சின் கிளம்பாமல் முடக்கலாம். ஹோக்னி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். ஊர்க்காரர்களையே சந்தேகப்பட்டால் நாளைக்கு எவன் முகத்தில் விழிப்பது என்றான். தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அவள் உருகிப்போனாள்.

உருகினாலும், நேற்று அவனுக்குத் தெரியாமல் ஏழு காரிலும் செருகிவிட்டாள்.

புள்ளி மலை இறங்கியது. வளைந்து வளைந்து நேரே துறைமுகத்தில் போய் விழும் சாலை அது. பிரேக் இல்லாத காரில் எந்தப் புண்ணியவானோ உயிரோடு விளையாடுகிறான். ஓடும் காரை முடக்க முடியாது, நின்றால்தான் உண்டு.

இந்த நேரம் பார்த்துப் புருஷன் தோரால்வ் ஊரில் இல்லை. கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். இருந்திருந்தால் திருடனைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பான்.

புள்ளி நின்றது. துறைமுகத்துக்கு மேலே, தனியாக ஒரு வீட்டு வாசலில்.

அப்பாடா என்று மூச்சு விட்டவள், மேசைத் தொலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள். ஏழாம் நம்பரில் வந்துகொண்டிருந்த ஹோக்னி, மலையோரம் காரை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுப் பேசினான்.

"டேய், நாலாம் நம்பரை எவனோ திருட்டுப்பய ஓட்டிட்டுப் போயிருக்கான்டா. நேத்தே எல்லா வண்டியிலயும் பெட்டியைச் செருகிட்டேன். இனி அது கிளம்பாது பாரு, முடக்கப் போறேன்."

"ஐயோ அக்கா, வேணாம்! இந்தக் காத்துலயும் மழையிலயும் அத்தான் எப்படித் திரும்பி வருவாரு?"



அவனுக்கு வேறு அக்கா கிடையாது.

புருஷன் கதை அப்புறம். கூடப் பிறந்தவன் ஒரு வருஷமாக அவனிடம் காரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இங்கே வந்து இவள் கையால் சாப்பிட்டுப் போயிருக்கிறான்.

ரன்வா நாலாம் நம்பரை முடக்கினாள். பிறகு ஏழாம் நம்பரையும் முடக்கினாள்.