கழுத்தை நெரிக்கும் தேர்வு

லீமா நகர நாடகப் பள்ளியின் கூடத்தில், நண்பகல் வெயில் தரையில் கிடக்க, ஃபெர்மினின் பிசுபிசுத்த பத்து விரல்களும் ரோசால்பாவின் கழுத்தில் வழுக்குகின்றன. மேடைச் சண்டையின் கடைசித் தேர்வு இது. தேறினால்தான் இருவருக்கும் நாடகக் குழுவில் இடம். அவன் சற்றுமுன் தின்ற எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனும் பச்சை வெங்காயமும் வாயிலிருந்து வீசுகிற வீச்சத்துக்கு, ஜன்னல் புறாக்கள் பசிபிக் கடலைத் தாண்டியே ஓடியிருக்கும். நெரிக்கிறவன் பலம் காட்டக்கூடாது. சாகிறவள்தான் அவன் கைகளைப் பிடித்துத் தன் கழுத்தோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அழுத்துகிறாள், முகத்தைத் திருப்பப் பார்க்கிறாள்.

“அவன் கண்ணையே பாரும்மா! பார்வை விலகுச்சோ, ஃபெயில்தான்!” என்கிறாள் ஆசிரியை நெலிதா.

“பயப்படாத தங்கம், பதமாத்தான் கொல்றேன்,” என்று ஃபெர்மின் கிசுகிசுக்க, வெங்காயத் துணுக்கு ஒன்று பறந்து வந்து அவள் உதட்டில் ஒட்டுகிறது. ரோசால்பா இமைக்கவில்லை. முழங்கால் மடங்கிச் சரிந்து, துணுக்கைத் துடைக்காமலே பிணமாகக் கிடக்கிறாள்.

நெலிதா கைதட்டுகிறாள். “சாவு பிரமாதம், நீ பாஸ்!”

“நான், டீச்சர்?”

“நீ நடுவுல கண்ண மூடிட்டியேப்பா. அவ சம்மதிச்சா மறுபடி கொல்லு.”

ரோசால்பா உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். “மொதல்ல போய் வாயக் கொப்புளிச்சிட்டு வாடா, கொலைகாரா!”