சாப்பாட்டுத் துணை

"ஒரே ஒரு வாய் சாப்பிடுங்க. இதோ, நானும் சாப்பிடுறேன், பாருங்க!"

சோற்றுக் கவளத்தைச் செல்போனுக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள் அம்சம். உள்ளே இறங்க மறுத்தது. காலையிலிருந்து காய்ச்சல். ரசம் சோறுகூடக் கசந்தது.

செம்பில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள், எண்பத்தொன்பது வயது வெள்ளைக்காரம்மா டோரத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்சத்தையே உற்றுப் பார்த்தாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள்.

"போதும்னு சொன்னா விட்ருவேனா? பாதித் தட்டு அப்படியே இருக்கு," என்று அதட்டினாள் அம்சம். கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு கவளத்தை விழுங்கினாள். திறந்து பார்த்தபோது டோரத்தி குழந்தை மாதிரி கை தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கரண்டியை எடுத்தாள்.

அரை மணி கழித்து மகன் நெடுமாறன் வந்து டோரத்தியின் எதிரிலிருந்த போனை எடுத்தான். இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை.

"சாப்பிட்டாச்சாம்மா? சரி, வைக்கிறேன். நாலாம் ரூம்ல பெல் அடிக்குது."

மகனின் முகம் முழுதாகத் தெரிவதற்குள் திரை அணைந்துவிட்டது. கழுவுவதற்கு ஒரே ஒரு தட்டு. கொல்லைப்பக்கம் போய்க் கழுவிக் கவிழ்த்தாள். அறுத்து முடித்த வயலில் கொக்குகூட இல்லை. நாளைச் சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் இனி இந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்கும்.

புரட்டாசியில் கணவர் இராஜாங்கம் இறந்துபோனார். மகன் வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். அதன்பிறகு ஒரு தடவை உலை வைத்தால் அம்சத்துக்கு இரண்டு நாளைக்குக் காணும். பசித்தால் நீராகாரம். பசியும் அதிகம் எடுக்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் நெடுமாறன் கேட்டான். "அம்மா, எனக்கு ஒரு உதவி செய்வியா? இங்க டோரத்தின்னு ஒரு அம்மா. எதிர்ல யாராவது உட்கார்ந்து சாப்பிட்டாத்தான் சாப்பிடுறாங்க. ஆளுக்குப் பன்னெண்டு பேரைப் பார்க்கிறோம், யாருக்கும் உட்கார நேரமில்ல. அவங்களுக்கு மதியம் பன்னெண்டரை, உனக்குச் சாயந்தரம் ஆறு. நீ போன்ல உட்கார்றியா?"

"அவங்க பெத்த பிள்ளைங்க இல்லையாடா?"

"மூணு பேரும்மா. எல்லாரும் வேலைக்குப் போறாங்க. எங்களை மாதிரி வெளிநாட்டு ஆளுங்க ஒரு வாரம் வரலைன்னா இந்த ஊர்ல பாதி ஆபீஸைப் பூட்டிடணும். பெத்தவங்களைப் பார்க்க அத்தனை பேரும் லீவு போட்டுருவாங்க."

அம்சத்துக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. ஒரு ஊரே தன் பிள்ளையின் கையால் ஓடுகிறதே! அப்புறம்தான், சம்பா நடவுக்கு வந்துபோன மேற்கு வங்காளத்து ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். கீழ்வேளூர் சுற்றுவட்டாரம் முழுக்க அவர்கள் நட்ட நாற்றுதான். அவர்களைப் பெற்றவர்களும் எங்கோ தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாளே உலை வைத்தாள். அதன்பின் ஒருநாள்கூடத் தவறவில்லை. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி, "நாகப்பட்டினத்துல கல்யாணம், வாயேன்க்கா. ராத்திரி தங்கிட்டு வரலாம்," என்று கூப்பிட்டபோதும் போகவில்லை.

"அங்க ஒரு உசுரு என்னை நம்பி இருக்குடி," என்றாள்.

காய்ச்சலோடு சாப்பிட்டதற்கு மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கையில் பையோடு ஒரு பெண் இறங்கினாள்.

"நான் கமருன்னிஸாம்மா. நெடுமாறன் வேலை பார்க்கிற ஹோம்ல நர்ஸ். லீவுல முத்துப்பேட்டைக்கு வந்திருக்கேன். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நேத்து சாயந்தரம் போன் பண்ணிட்டாரு. விடிஞ்சதும் கிளம்பிட்டேன்."

"வாம்மா, உள்ள வா. அவன்கிட்ட நான் சொல்லவே இல்லையே! யாரு சொன்னது?"

கமருன்னிஸா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "டோரத்திம்மாதான். நேத்து நீங்க சரியாவே சாப்பிடலையாம். கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சாம். உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுன்னு நெடுமாறனைப் போட்டு விரட்டிட்டாங்களாம்."

"அவங்களா?" அம்சம் சிரித்துவிட்டாள். "பாவம்மா, அவங்களே ஆள் உட்கார்ந்து ஊட்டாத குறையாச் சாப்பிடுற சீவன். நான் இல்லைன்னா வயிறு காஞ்சுபோயிடும்."

"டோரத்திம்மாவுக்கா?" கமருன்னிஸா குழப்பத்தோடு நிமிர்ந்தாள். "முட்டிவலியைத் தவிர அவங்களுக்கு ஒரு குறையும் கிடையாதும்மா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறவங்க. கிறிஸ்மஸுக்கு மகன் கார் கொண்டுவந்து வீட்டுக்குக் கூப்பிட்டும் போகலையே! 'இந்தியாவுல ஒரு பொண்ணு, புருஷன் போனதுல இருந்து சாப்பாட்டையே விட்டுட்டா. மத்தியானம் அவளை உட்கார வெச்சுச் சாப்பிட வைக்கிற பொறுப்பை நெடுமாறன் என்கிட்டதான் விட்டிருக்கான்'னு சொல்லிட்டாங்க."