ஒற்றை நாற்காலி

கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதென்று செருப்புகளெல்லாம் ஏசி அறைக்கு வெளியே கிடக்கின்றன. மில்லிலேயே தலை நரைத்த கணக்கர்கள், ஜில்லென்ற தரையில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். திரையின் நீல வெளிச்சம் அவர்களுடைய மூக்குக்கண்ணாடிகளில் நடுங்குகிறது. போன மாதம்வரை வேறொரு மில்லில் கணக்கெழுதிய ரிஃபத்துக்குப் பயிற்சியாளராக இதுதான் முதல் வகுப்பு. "ஒருத்தர் கத்துக்கிட்டாப் போதும் தம்பி, மத்தவங்களை வேலைய விட்டு அனுப்பிப்போடலாம்" என்று முதலாளி இப்போதுதான் அவன் காதோரம் சொல்லிவிட்டுப் போகிறார். "யாராச்சும் ஒருத்தர் வந்து உக்காருங்கண்ணா" என்கிறான் ரிஃபத். திரைக்கு முன்னிருக்கும் ஒற்றை நாற்காலியை மூத்த கணக்கர் பாலுசாமி தோள்துண்டால் தட்டிவிடுகிறார். "நீங்க மொதல்ல உக்காருங்க, சென்னியப்பன்." "அட, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா? நீங்க உக்காருங்க." சிரித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் வழிவிட்டு விலகுகிறார்கள். யாரையும் கைகாட்ட முடியாமல், கம்ப்யூட்டரின் தூசியுறையை மடித்துக்கொண்டே இருக்கிறான் ரிஃபத்.